லே-ஆஃப்: பேர் உண்டு, வேலை இல்லை

ஆங்கிலச் செய்தியில் 'லே-ஆஃப்' என்று வந்தால் நம் பத்திரிகைகள் கண்ணை மூடிக்கொண்டு 'பணிநீக்கம்' என்று போட்டுவிடுகின்றன. மென்பொருள் கம்பெனி ஒன்று ஆயிரம் பேரைக் கணக்கு முடித்து அனுப்பும் செய்திக்கு அது ஓரளவு பொருந்தும். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, பத்து நாளைக்கு வேலை கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டினால் அதற்கும் இதே சொல்லா? நம் நாட்டுச் சட்டத்தைக் கேட்டால், இரண்டாவதுதான் லே-ஆஃப். முதலாவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால், 'ஒதுக்கி வைத்தல்' என்ற அளவில்தான் ஆங்கிலத்தில் இது தொடங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வேலை செய்யாமல் சும்மா இருப்பதையும் குறித்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில், வேலை குறைந்த பருவத்தில் ஆளை அனுப்பிவிட்டுப் பருவம் திரும்பியதும் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்குப் பெயரானது. ஒரேயடியாக அனுப்புவதையும் இதே சொல்லால் பூசி மெழுகுவது 1960-களுக்குப் பிறகு பரவியது. ஆக, இங்கிலீஷ்காரர்களிடமே பொருள் நழுவிவிட்டது. நம் சட்டம் பழைய பொருளை விடாமல் பிடித்துக்கொண்டது.

இப்போது பழைய சட்டமாகிவிட்ட 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆஃப் பற்றிய அத்தியாயம் 1953-இல் சேர்க்கப்பட்டது. முதலில் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும்தான். 1954-இல் தோட்டங்களையும் சேர்த்தார்கள். மஸ்டர் ரோலில், அதாவது ஆட்களின் பெயர்ப் பதிவேட்டில், பெயர் இருக்கும், ஆட்குறைப்பும் செய்யப்படாத ஒரு தொழிலாளிக்கு, முதலாளியால் வேலை தர முடியாமல் போவது அல்லது தர மறுப்பது: இதுதான் அது தரும் இலக்கணம். காரணமும் ஏதோ ஒன்றாக இருக்கக் கூடாது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம், இவற்றோடு தொடர்புள்ள பிற காரணம் என்று பட்டியல் போகிறது. நீலகிரிக்காரர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகினால் தொழிற்சாலைக்குப் பச்சைத் தேயிலை வராது. குன்னூர் ஏலத்தில் தூள் விலைபோகாவிட்டால் குடோன் நிரம்பிவிடும். இலையை நசுக்கித் தூளாக்கும் சி.டி.சி. ரோலர் பழுதானாலும் கதை அதேதான்.

மஸ்டரில் பெயர் இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கத் தோட்டங்களில் இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். மலையகத் தமிழில் ஒருநாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். முழு நாள் கூலி கிடைத்தால் முழுப்பேர், பாதிதான் என்றால் அரைப்பேர். லே-ஆஃப் நாட்களுக்குச் சட்டம் தரச் சொல்வது, வார விடுமுறை நீங்கலாக, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம். வேலையே இல்லாத நாளுக்கு அரைப்பேர், அவ்வளவுதான் விஷயம். கொழுந்து எடை குறைந்தால் விழும் அரைப்பேர் தண்டனை, இது உரிமை.

உரிமைக்கு நிபந்தனைகளும் உண்டு. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். பருவகால நிறுவனம் என்று அரசு முடிவு செய்த இடங்களுக்கு இது கிடையாது. தொழிலாளி ஒரு வருடம் தொடர்ந்து பணியில் இருந்திருக்க வேண்டும், அதாவது பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை என்று கணக்கு. பதிலி ஆட்களும் கேஷுவல் ஆட்களும் வெளியே. ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நம் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் இப்படி வெளியே நிற்பவர்கள்தான். லே-ஆஃப் நாளிலும் குறித்த நேரத்துக்கு வந்து தலைகாட்ட வேண்டும். அதே முதலாளியின் வேறு இடத்தில், தகுதிக்கேற்ற மாற்று வேலையை அதே சம்பளத்துக்குக் கொடுத்தால் மறுக்கக் கூடாது. பழைய சட்டம் அதற்கு ஐந்து மைல் சுற்றளவு என்று எல்லை வைத்தது. சமவெளியில் உட்கார்ந்து எழுதியவர்கள் போல. மலையில் ஐந்து மைல் சுற்றளவு என்றால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கே கிடக்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பணிநீக்கம்' என்றால் வேலை போய்விட்டது, மஸ்டரிலிருந்து பேர் எடுபட்டுவிட்டது என்று பொருள். 'தற்காலிகப் பணிநீக்கம்' இன்னும் மோசம், அது சஸ்பென்ஷனுக்கு வழங்கும் சொல். கேட்பவர் இந்த ஆள் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார் என்றே நினைப்பார். 'ஆட்குறைப்பு' நல்ல சொல், ஆனால் அது ரிட்ரெஞ்ச்மென்டுக்கு உரியது. அதற்கு ஒரு மாத நோட்டீசும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் என்று தனிக் கணக்கு இருக்கிறது. 'கதவடைப்பு' தகராறில் முதலாளி எடுக்கும் ஆயுதம். 'வேலை நிறுத்திவைப்பு' என்றால் வேலைநிறுத்தத்தோடு குழம்பும். என் ஓட்டு 'வேலைமுடக்கம்' என்ற சொல்லுக்குத்தான். முடங்கியது பிறகு நகரும் என்பதை 2020 பொதுமுடக்கத்துக்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடைக்கும் பணத்தை 'முடக்கக்கால இழப்பீடு' எனலாம். 'உதவித்தொகை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்போருக்கு அரசு தருவது. இது முதலாளி தர வேண்டிய கடன்.

அரசு எங்கே வருகிறது என்றால், இந்த 50 சதவீதத்தில் வரவே இல்லை. பிரிட்டன் 2020 மார்ச்சில் அறிவித்த ஃபர்லோ திட்டத்தில், வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்களின் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்போடு, அரசே முதலாளிக்குக் கொடுத்தது. நம் ஏற்பாட்டில் அப்படிக் கிடையாது. 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அடல் காப்பீடு செய்தோர் நலத் திட்டம் வேலை இழந்தவருக்குப் பணம் தருகிறது, ஆனால் அது இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் உறுப்பினர்களுக்கானது. தேயிலை தயாரிப்பது மட்டுமே வேலை என்றிருக்கும் தொழிற்சாலையை இ.எஸ்.ஐ. சட்டம் பருவகாலத் தொழிற்சாலை என்று சொல்லி விலக்கிவிட்டது. ஊட்டி ஓட்டலில் வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கக்கூடியது, பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்காரருக்குக் கிடைக்காது.

இந்த மலையில் அரசு கைகொடுத்தது வேறு வழிகளில். இலங்கையோடு செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களுக்காக டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களை உண்டாக்கித் தானே முதலாளி ஆனது. இந்துநகர் பிலிம் தொழிற்சாலையான எச்.பி.எஃப். 1996-இல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன் ஊழியர்களுக்கு 2014-இல் மத்திய அமைச்சரவை வி.ஆர்.எஸ். நிதி ஒதுக்கியது. விருப்ப ஓய்வாம்; ஆலையே ஓடாதபோது விருப்பம் எங்கிருந்து வந்தது என்பது தனி சொல் விளக்கத்துக்கு உரிய கேள்வி.

2025 நவம்பர் 21 முதல், பழைய சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. முடக்கக்கால இழப்பீடு அதே 50 சதவீதம்தான். ஆனால் முடக்கத்துக்கோ ஆட்குறைப்புக்கோ அரசிடம் முன்அனுமதி பெற வேண்டிய வரம்பு நூறு பேரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. அப்புறம் புதிதாக, வேறு திறன் கற்றுக்கொள்வதற்கென்று ஒரு மறுதிறன் நிதி: ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக முதலாளி 15 நாள் சம்பளத்தை அதில் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது அவர் கணக்கில் ஏற வேண்டும். வேலைமுடக்கத்தில் இருப்பவருக்கு இது கிடையாது, அவர் பெயர்தான் இன்னும் மஸ்டரில் இருக்கிறதே. நோட்டீஸ் பலகையில் எந்தச் சொல் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.