காட்டேஜுக்கு பணம் கட்றதுக்கு முன்னாடி கேர்டேக்கர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசிடுங்க

ஒரு மே மாசம், நல்ல சீசன், ராத்திரி ஒன்பதரை இருக்கும், எனக்கு ஒரு போன் வந்துச்சு. குன்னூர் பக்கத்துல ஒரு காட்டேஜ்ல கேர்டேக்கரா இருக்கற தம்பி, முன்னாடி என்கிட்ட வேலை பாத்தவர். "அண்ணே, மதுரைல இருந்து ஏழு பேர் வந்திருக்காங்க, பாட்டி ஒருத்தங்க இருக்காங்க, முட்டி ஆபரேஷன் பண்ணி நாலு மாசம்தான் ஆச்சாம், கீழ இறங்க முடியாதுன்னு கார்லயே உக்காந்து அழறாங்க"ன்னார். அந்த வீடு ரோட்ல இருந்து 64 படி கீழ இருக்கு, கைப்பிடி கிடையாது, தூறல் வேற. கடைசில நானும் போய், பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்கி இறக்கினோம். அந்த அம்மா கண்ண இறுக்க மூடிட்டு முருகா முருகான்னுட்டே வந்தாங்க, இன்னும் எனக்கு மறக்கல.

அவங்க பேரனுக்கு அவ்ளோ கோவம். போட்டோல பள்ளத்தாக்கு வியூ இருந்துச்சு, படி இருக்குன்னு ஒரு வார்த்தை போடலையேன்னு. அவர் கேட்டது நியாயம்தான். வியூ வேணும்னா வீட்ட சரிவுல கட்டணும், சரிவுல கட்டினா படி இல்லாம எப்படி, இது மலைல இருக்கற எங்களுக்குத் தெரியும், மதுரைல இருந்து வர்றவங்களுக்கு எப்படி தெரியும்?

நான் நீலகிரில 18 வருஷமா ஹோட்டல் லைன்ல இருக்கேன். மொதல்ல ஃப்ரண்ட் ஆபீஸ், அப்புறம் ஹவுஸ்கீப்பிங், இப்ப சின்ன காட்டேஜ், ஹோம்ஸ்டே வச்சிருக்கறவங்களுக்கு ஆள் ட்ரெயின் பண்ணி குடுக்கறேன். வந்து ஏமாந்து போறவங்க கதைய கேட்டு கேட்டு எனக்கு ஒண்ணு புரிஞ்சுபோச்சு. நீங்க பணம் கட்ற ஆள் ஒருத்தர், வீடு வேற ஒருத்தரோடது, உங்களுக்கு கதவு தொறக்கறது மூணாவது ஆள். ஓனர் சென்னைலயோ பெங்களூர்லயோ இருப்பார், வருஷ லீஸுக்கு விட்டிருப்பார். லீஸ் எடுத்தவர் அந்த பணத்த ஏப்ரல் மே, அப்புறம் பூஜா லீவு கிறிஸ்மஸ் லீவுக்குள்ள எடுத்தாகணும், அடுத்த வருஷம் வீடு அவர் கைல இருக்குமான்னே தெரியாது, அவர் எப்படி புது மெத்தை வாங்கி போடுவார்? புக்கிங் பிடிச்சு குடுக்கறவர் வீடு கட்டின புதுசுல எடுத்த போட்டோவையே இன்னமும் போட்டுட்டு இருப்பார். கேம்ப் ஃபயர் உண்டு, பிரேக்ஃபாஸ்ட் உண்டு, ரூம் ஹீட்டர் உண்டுன்னு உங்ககிட்ட சொன்னது எதுவும் கேர்டேக்கருக்கு போயே சேராது. அவருக்கு வர்ற வாட்ஸ்அப் மெசேஜ்ல பேரு, போன் நம்பர், எத்தனை பேர், அவ்ளோதான். நீங்க போய் ஹீட்டர் எங்கன்னு கேட்டா அவர் முழிக்கத்தான் செய்வார், திட்டு வாங்கறதும் அவர்தான்.

அதனால முழு பணம் கட்றதுக்கு முன்னாடி கேர்டேக்கர் நம்பர் கேட்டு வாங்குங்க. வீட்டு வாசல் வரைக்கும் கார் வருமா, ஜீப்தான் வருமா, எத்தனை படி, பாத்ரூம் வெஸ்டர்னா, சமையல் யாரு பண்றாங்க, கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. இன்னிக்கு தேதில ரூமையும் பாத்ரூமையும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஒழுங்கா நடத்தற வீடுன்னா பத்து நிமிஷத்துல அனுப்பிடுவாங்க. நம்பரே தர மாட்டேன்னு சொன்னா அங்க பணம் கட்டாதீங்க.

எனக்கு அதிகமா வர்ற கம்ப்ளெயின்ட் சுடுதண்ணி. கெய்சர் ரிப்பேர்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க, பாதி நேரம் கெய்சர் நல்லாத்தான் இருக்கும். ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. 15 லிட்டர் கெய்சர், தண்ணிய 60 டிகிரிக்கு சூடு பண்ணுதுன்னு வைங்க. சென்னைல குழாய் தண்ணியே 28 டிகிரி இருக்கும், குளிக்கற சூட்டுக்கு கலந்தா 40 லிட்டர், ரெண்டு பக்கெட் வரும். ஊட்டில டிசம்பர்ல தண்ணி 15 டிகிரி இல்ல அதுக்கும் கீழ, அதே கெய்சர்ல 27 லிட்டர்தான், ஒரு பக்கெட்டும் கொஞ்சமும். அடுத்த ஆளுக்கு மறுபடி சூடாக 2 கிலோவாட் கெய்சருக்கு 23, 24 நிமிஷம் ஆகும், அதுவும் வோல்டேஜ் சரியா இருந்தா. சீசன் நேரத்துல எல்லா வீட்லயும் கெய்சர் ஹீட்டர் ஓடும்போது வோல்டேஜ் 180க்கு இறங்கிச்சுன்னா 38 நிமிஷம் கிட்ட ஆயிடும். ஏழு பேரும் எட்டு மணிக்கு வரிசையா குளிச்சுட்டு பைன் ஃபாரஸ்ட் கிளம்பணும்னா நடக்கற காரியமா சொல்லுங்க. எத்தனை லிட்டர் கெய்சர், எத்தனை பாத்ரூம்ல இருக்குன்னு கேளுங்க, ரெண்டு பேர் ராத்திரியே குளிச்சுடுங்க. சோலார்னு சொன்னாங்கன்னா மழை மாசத்துல அத நம்பாதீங்க. இன்வெர்ட்டர் இருக்குன்னு சொல்வாங்க, சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான், கெய்சர இழுக்காது.

அடுத்தது பெட்ஷீட் வாடை. ஊட்டிக்கு தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, அந்த மாசங்கள்ல கொடில போட்ட துணி மூணு நாள் ஆனாலும் காயாது. அரை ஈரத்துல மடிச்சு அலமாரில வச்சா வாடை வராம என்ன பண்ணும். இதுக்கு மழைய குத்தம் சொல்ல முடியாது, மூணு செட் ஷீட் வாங்கி வச்சு டிரையர்ல போட்டு எடுக்கணும், அந்த செலவ பண்ண லீஸ்காரர் தயாரா இல்ல. கம்பளி இன்னும் மோசம், ஆளுக்கு ஆள் துவைக்கவே மாட்டாங்க நிறைய இடத்துல. நான் ட்ரெயின் பண்ற இடத்துல கம்பளிக்கு கவர் போட்டு கவர மட்டும் ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் மாத்தச் சொல்றேன். நீங்க போனவுடனே தலையணை உறைய கழட்டி பாருங்க, வெக்கப்படாதீங்க, மாத்தி குடுங்கன்னு கேளுங்க, ராத்திரி பத்து மணிக்கு கேட்டா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

சாப்பாடு லேட், அரிசி வேகலைன்னும் சொல்வாங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுடும், அதனால திறந்த பாத்திரத்துல வேகறதுக்கு நேரம் பிடிக்கும், பருப்புக்கெல்லாம் குக்கர் கட்டாயம். மதியமே ராத்திரிக்கு என்ன வேணும்னு சொல்லிடுங்க, பிரச்சனை முடிஞ்சுது.

இடம் எங்கன்னும் மேப்ல பாருங்க. ஊட்டின்னு போட்டிருக்கும், போனா மலைக்குக் கீழ இருக்கற மசினகுடி. கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவு, அங்க ஊட்டி குளிரும் கிடையாது, ஊட்டி ஏரியும் கிடையாது. காட்டு ஓரம்னா லைசென்ஸ் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. மசினகுடி பக்கத்துல இருக்கற சீகூர் யானை வழித்தடத்துல ரிசார்ட்டுகள எடுக்கணும்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. 2021 ஜனவரில மசினகுடி பக்கம் தங்கற வீட்டுக்கிட்ட வந்த யானை மேல எரியற டயர வீசி அது செத்தே போச்சு, விசாரிச்சா அந்த இடத்துக்கு அனுமதியே கிடையாது. அப்படி ஒரு இடத்துல உங்க பிள்ளைங்களோட தங்காதீங்க.

இது எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு. குளிருதுன்னு கரி அடுப்ப ரூமுக்குள்ள எடுத்துட்டு போய் கதவ சாத்தாதீங்க. பார்பிக்யூ முடிஞ்சுது, தணல்தானே, புகையே இல்லையேன்னு நினைப்பீங்க, அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே ஆள கொன்னுடும். 2024ல கொடைக்கானல்ல இப்படித்தான் ரெண்டு பேர் போய்ட்டாங்க. கேர்டேக்கரே கொண்டு வந்து வச்சாலும் வேண்டாம்னு வெளிய எடுத்து வைக்கச் சொல்லுங்க, கூட ரெண்டு கம்பளி கேளுங்க.

இவ்ளோ பாத்தும் ஏமாந்துட்டா அங்கயே கத்தி பிரயோஜனம் இல்ல, கேர்டேக்கர் கைல ரீஃபண்ட் பண்ற அதிகாரம் கிடையாது. அன்னிக்கே போட்டோ எடுத்து, என்ன சொன்னீங்க என்ன இருக்குன்னு புக்கிங் எடுத்தவருக்கு எழுத்துல அனுப்புங்க. அப்புறம் 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணலாம். அதுலயும் சரியாகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க இருக்கற ஊர்லயே போடலாம். பில்லு, பணம் கட்டின ஸ்க்ரீன்ஷாட், விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட் மூணையும் எடுத்து வச்சுக்கோங்க.

அந்த மதுரை பாட்டியோட பேரன்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருந்துச்சு. வயசானவங்களுக்கு ஏத்த வீடுன்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க, அத காமிச்சு கேட்டதுல ஒரு நாள் வாடகை திரும்ப வந்துச்சு. மறுநாள் காலைல பாட்டிய மறுபடியும் அதே சேர்ல மேல தூக்கி, டவுன்ல தரைத்தளத்துல இருந்த ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டு குடுத்தேன். வியூ ஒண்ணும் இல்ல, ஜன்னல தொறந்தா பஸ் ஸ்டாண்டு. அவங்க அங்க நல்லா தூங்கினாங்கன்னு பேரன் போன் பண்ணி சொன்னார்.