செம்மண்ணுல நிக்கிற தெச்சிக்கு இரும்பு பத்தலையாம்!

மார்த்தாண்டம் பக்கம் எந்த வீட்டு முற்றத்துல பாத்தாலும் ஒரு தெச்சி நிக்கும், மத்த ஊர்க்காரங்க இட்லிப்பூன்னு சொல்றது இதைத்தான். நாங்க புது மதில் கட்டின கையோட அதை ஒட்டியே நாலு தெச்சி நட்டோம், ஆறே மாசத்துல குருத்தெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா வலை போட்ட மாதிரி ஆயிட்டு. பக்கத்து வீட்டு மாமி அடுப்புச் சாம்பல் போடச் சொன்னாங்க, போட்டோம், இன்னும் மோசம்.

இது இரும்புச்சத்து குறைபாடு. நம்ம மண்ணு சிவப்பா இருக்கறதே இரும்பு ஆக்சைடாலதான, வெட்டுக்கல்லும் அதே சரக்குதான் (புக்கானன்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் கேரளத்து அங்காடிப்புரத்துல பாத்து, 1807ல வந்த தன் புத்தகத்துல லேட்டரைட்னு பேர் வச்ச அதே கல்லு), அப்புறம் எப்படி இரும்பு பத்தாம போகும்? இரும்பு இருக்கு, ஆனா கரையல. வேர் கரைஞ்சதைத்தான் உறிஞ்சும். மண்ணோட பிஹெச் (புளிப்பு குறையக் குறைய ஏறுற அளவு) ஒண்ணு கூடினா கரையற இரும்பு ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்கா குறைஞ்சிரும். தெச்சிக்கு 5லருந்து 6 வரை புளிப்பு மண்ணு வேணும், நம்ம மண்ணு இயல்பாவே அப்படித்தான். ஆனா மதிலடியில கொத்தனார் மூடிட்டுப் போன சிமெண்ட் கட்டியும் பூச்சுத் தூளும் மழையில ஊறி ஊறி சுண்ணாம்பை விட்டுட்டே இருக்கும். தெச்சி வேர் சும்மா இருக்காது, தானே அமிலத்தைக் கக்கி இரும்பைக் கரைக்கப் பாக்கும், சுண்ணாம்பு அதையும் முறிச்சிரும். சாம்பலும் காரம்தான், மாமி மேல தப்பில்ல, அவங்க வாழைக்குப் போட்டு பழகினவங்க.

தழைச்சத்து குறைஞ்சா அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும். இரும்பு ஒரு இலையில போய் உக்காந்துட்டா வேற இலைக்கு நகராது, அதான் குருத்து வெளுக்குது. இதுக்கு யூரியா போட்டா காசுதான் தண்டம்.

நாட்டு மருந்துக் கடையில அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கிடைக்கும், லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையில தெளிச்சேன். கலக்கினதும் தெளிச்சிரணும், வச்சிருந்தா காத்துப் பட்டு பழுப்பா துருத் தண்ணி ஆயிரும். சில நாள்ல பாத்தா துளி பட்ட இடம் மட்டும் பச்சைப் புள்ளி, பக்கத்துல அப்படியே மஞ்சள், சின்னம்மை வந்த மாதிரி! ஆனா அடுத்து வந்த குருத்து திரும்பவும் மஞ்சள்தான். கடைசியில மதிலடியைத் தோண்டினோம், ரெண்டு சட்டி சிமெண்ட் கட்டி வந்துச்சு. செடியை கிணத்தடிக்கு மாத்தியாச்சு.