மீனுக்கு முதுகு கூனி கட்டி வந்தா உடனே கேன்சர்னு முடிவு கட்டாதீங்க

போன மழைக்காலத்துல யாங்கோன்ல தாம்வே பகுதியில இருந்து ஒரு தம்பி பிளாஸ்டிக் பையில ரெண்டு மீன் கொண்டு வந்தாரு. கேலக்ஸி ரஸ்போரா, 2006ல நம்ம மியான்மர்ல ஷான் மாநிலத்துல ஹோபோங் பக்கம் குட்டையில கண்டுபிடிச்சாங்களே அதே மீன், முழுசா வளந்தாலே 2 செ.மீ. தான் இருக்கும். ரெண்டுக்கும் முதுகு வளைஞ்சிருக்கு, வயிறு ஒரு பக்கமா புடைச்சிருக்கு. "சயா, கேன்சர் தானே?"னு கேட்டாரு (இங்க டாக்டரையும் சயானு தான் கூப்பிடுவாங்க, எனக்கும் பழகிப்போச்சு).

பிழைக்கிற நிலைமையில இல்ல, அதனால கிராம்பு எண்ணெய் விட்ட தண்ணியில மயங்கவச்சு முடிச்சிட்டு, ஃபார்மலின்ல போட்டு ஸ்லைடு பண்ணி மைக்ரோஸ்கோப்ல பாத்தேன். ஒண்ணுல நெசமாவே குடல்ல கட்டி. இன்னொண்ணுல கட்டியே கிடையாது, கல்லீரல் மண்ணீரல் பூரா குட்டி குட்டி உருண்டையா இருக்கு, டிபிக்கு போடுற அதே சாயத்தைப் போட்டா சிவப்பா குச்சி குச்சியா பாக்டீரியா தெரியுது. மைக்கோபாக்டீரியம், கடைக்காரங்க மீன் டிபினு சொல்றது. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு தான்!

நாம எந்த கெமிக்கலும் போடாம தானா வர்ற கட்டி சின்ன மீன்கள்ல உண்டு, வயசானதுக்கு அதிகமா வரும். சில கட்டிக்கு பின்னாடி வேற காரணம் இருக்கும், ஜீப்ரா மீன்ல குடல் கட்டியும் ஒரு குடல் புழுவும் சேர்ந்தே காணப்படுறது தெரிஞ்ச விஷயம். தொண்டைக்கு அடியில வீங்குறது பல தடவை வெறும் அயோடின் குறைவால வர்ற தைராய்டு வீக்கம், 1910 வாக்குல டேவிட் மரைன்னு ஒரு அமெரிக்க டாக்டர் டிரவுட் மீன்ல இதைக் காட்டினாரு, அதுவரைக்கும் அதையும் கேன்சர்னு தான் நினைச்சிட்டு இருந்தாங்க.

முதுகு வளையறதுக்கும் ஒரே காரணம் கிடையாது. வைட்டமின் சி குறைஞ்சாலும் வளையும், தீவன டப்பாவைத் திறந்து நம்ம ஊர் சூட்டுல மாசக்கணக்குல வச்சா அந்த வைட்டமின் எங்க மிஞ்சும்? அண்ணன் தங்கச்சியையே திரும்பத் திரும்ப ஜோடி சேத்தாலும் வளையும், அந்த தம்பி ஆறே ஆறு மீன்ல ஆரம்பிச்சு அதுங்க குஞ்சுகளையே அஞ்சு வருஷமா பெருக்கிட்டு இருந்தாரு. வயித்துல கட்டி பெருசானா அதுவே முதுகைத் தள்ளி வளைக்கும். ஆனா கூன் இருக்கு அதனால தான் கட்டி வந்துச்சுன்னு தலைகீழா சொல்லாதீங்க. பலூன் மோலினு கூனையே அழகுனு விக்கிறாங்க பாருங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது.

மீன் செத்தா ஃப்ரீசர்ல போடாதீங்க, உறைஞ்சா திசு கிழிஞ்சிடும், ஸ்லைடுல ஒண்ணும் தெரியாது. ஐஸ் மேல வச்சு அன்னைக்கே கொண்டு வாங்க, ஏப்ரல் வெயில்ல ரெண்டு மணி நேரத்துல கூழாயிடும்.

ரிசல்ட் சொல்லும்போது சும்மா கேட்டேன், தம்பி கையில புண்ணு ஏதும் இருக்கானு. வலது ஆள்காட்டி விரலை நீட்டினாரு, ரெண்டு மாசமா ஒரு முடிச்சு, மருனு நினைச்சு களிம்பு தடவிட்டு இருந்திருக்காரு. மீன் டிபி கிருமி மனுஷன் கையிலயும் வரும், அதுக்கு 30 டிகிரி சுத்தி தான் பிடிக்கும், அதனால தான் குளிர்ச்சியா இருக்குற கை விரல்ல உக்காருது. தொட்டியில கை விடுறேன்னு சொல்லாம போனா தோல் டாக்டருக்கும் சட்டுனு தோணாது. சொல்லி அனுப்பினேன், மாசக்கணக்குல மாத்திரை ஓடுச்சு. இப்போ கையுறை போட்டுத் தான் தொட்டி கழுவுறாரு, தொட்டித் தண்ணியை இறக்க டியூபை வாயில வச்சு உறிஞ்சுறதையும் விட்டுட்டாரு.