போலித் தற்காப்பு அன்று, தற்காப்பு மயக்கம்

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் நடத்திவரும் தமிழ் வகுப்பில், தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் காதலியைச் சுட்டுக் கொன்ற வழக்கைப் பற்றிய பழைய தமிழ்ச் செய்தி ஒன்றை வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தேன். அவர் தரப்பு 'போலித் தற்காப்பு' வாதத்தை முன்வைத்தது என்ற வரியை வாசித்து முடித்த மாணவி, "ஐயா, தான் பொய் சொல்வதாக அவரே ஒத்துக்கொண்டாரா?" என்று கேட்டாள். தமிழ் அறிந்த எவரும் அந்த வரியை அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். 'புட்டேட்டிவ் பிரைவேட் டிஃபென்ஸ்' என்ற ஆங்கிலச் சட்டத்தொடருக்கான இந்தப் பெயர்ப்பை இதற்கு முன்பும் பலமுறை கண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு பொறுக்க முடியவில்லை.

தன் என்பதும் காப்பு என்பதும் சேர்ந்து, னகரம் றகரமாகத் திரிந்து தற்காப்பு ஆயிற்று. தற்கொலை, தற்பெருமை ஆகியவையும் இவ்வாறு அமைந்தவையே. 'தற்காத்து' என்ற வடிவம் திருக்குறளின் 56ஆம் குறளிலேயே உள்ளது என்பதால், இச்சொல்லின் பழமைக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்கச் சட்டநூல்கள் இதனைப் 'பிரைவேட் டிஃபென்ஸ்' என்று வழங்குகின்றன. அரசின் காவலை எதிர்பார்க்க நேரமில்லாதபோது ஒரு குடிமகன் தானே தாக்குதலைத் தடுப்பது என்பதே இதன் பொருள். இதனைச் சிலர் 'தனியார் பாதுகாப்பு' என்று பெயர்க்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தத் தொடர் சீருடை அணிந்து, வாயிற்கதவுகளில் காவல் நிற்கும் கம்பெனி ஆட்களை அன்றி வேறு எதனையும் குறிக்காது. தற்காப்பு என்றால் தன்னை மட்டும் காப்பது ஆகிவிடுமே, சட்டம் பிறரைக் காப்பதற்கும் இடம் தருகிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 97ஆம் பிரிவு பிறர் உடலையும் உடைமையையும் சேர்த்துச் சொன்ன பின்பும், தமிழில் அதற்குத் தற்காப்புரிமை என்ற பெயரே நிலைத்திருக்கிறது.

சிக்கல் தொடங்குவது 'புட்டேட்டிவ்' என்ற அடைமொழியில். எண்ணுதல், கருதுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. உண்மையில் தாக்குதல் எதுவும் இல்லை. ஆனால் தாக்குதல் நடக்கிறது என்று ஒருவர் மெய்யாகவே நம்பிச் சுட்டுவிடுகிறார். உண்மையான தற்காப்பில் சுட்ட செயலே சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும். இங்கோ செயல் சட்டவிரோதமாகவே இருக்கிறது. சட்டவிரோதமாகக் கொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்பதே கேள்வி. அந்த எண்ணம் இல்லையென்றால் கொலைக்குற்றம் நிற்காது. அவர் நம்பியது நியாயமான மனிதர் நம்பக்கூடியதன்று என்றால், கவனக்குறைவால் உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றம் நிற்கும்.

2013 பிப்ரவரி 14 அன்று பிரிட்டோரியாவில், பூட்டிய கழிப்பறைக் கதவின் ஊடாகப் பிஸ்டோரியஸ் நான்கு முறை சுட்டதில் அவருடைய காதலி இறந்தார். உள்ளே திருடன் இருப்பதாக எண்ணியதாக அவர் கூறினார். 2014இல் விசாரணை நீதிமன்றம் அவரைக் கவனக்குறைவுக் குற்றத்துக்கு மட்டுமே பொறுப்பாக்கியது. 2015 டிசம்பரில் புளூம்ஃபொண்டைனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிக் கொலைக்குற்றம் என்று தீர்த்தது. கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாராயினும் இறக்கக்கூடும் என்பதை அறிந்தே சுட்டார் என்பது அதன் முடிவு. 2017இல் தண்டனை 13 ஆண்டும் 5 மாதமும் ஆயிற்று. நாடு முழுவதும் பேசிய பேச்சு அவருடைய நம்பிக்கை மெய்யா பொய்யா என்பதைச் சுற்றியே இருந்தது. 'போலி' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், நீதிபதிகள் ஆராய வேண்டிய அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

போலிக்காக வாதிடுவோர் இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். 'போல்' என்பதிலிருந்து வந்தது போலி, முதற்போலியிலும் கடைப்போலியிலும் வஞ்சகம் ஏதும் இல்லையே என்கிறார்கள். அந்த இலக்கணமே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. அறம் என்றாலும் அறன் என்றாலும் பொருள் மாறாது. மாறாததால்தான் அது போலி. தற்காப்புக்கும் தற்காப்பென்று தவறாக நம்பியதற்கும் இடையிலோ, விடுதலைக்கும் சிறைக்கும் உள்ள தூரம் இருக்கலாம். இலக்கணத்தை விட்டு வெளியே வந்தால் போலி மருத்துவர், போலிப் பத்திரம், போலி நகை என்று எங்கும் ஏமாற்றுதான்.

'திரிபுத் தற்காப்பு' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஐயந்திரிபற என்னும் தொடரில் உள்ள திரிபு, கயிற்றைப் பாம்பாகக் காணும் பிழைக்காட்சியையே குறிப்பதால், பொருள் மிகவும் பொருத்தம். ஆனால் இன்று திரிபு என்றால் வரலாற்றுத் திரிபு போல வேண்டுமென்றே செய்த புரட்டு என்று நினைவுக்கு வருகிறது. மீண்டும் போலியிடமே போய்ச் சேருகிறோம்.

மயக்கம் என்ற சொல்லை நான் பரிந்துரைக்கிறேன். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதைத் திணைமயக்கம், காலமயக்கம், வேற்றுமைமயக்கம் என்று நம் இலக்கணம் ஏற்கெனவே பெயரிட்டிருக்கிறது. அவ்வகையில் தற்காப்பு மயக்கம் என்பது, தற்காப்பு அல்லாததைத் தற்காப்பு என்று கொண்ட நிலையைக் குறிக்கும். யாரையும் பொய்யர் என்று சொல்லாது. குற்றமற்றவர் என்றும் சொல்லாது. மயங்கி விழுந்ததாகப் பொருள் கொள்ள மாட்டார்களா என்று கேட்டால், முதல் முறை ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டால் போதும் என்பேன். புதுச் சொல்லே வேண்டாம் என்றால் 'தற்காப்பென நம்பிச் சுட்டதாகக் கூறினார்' என்று விரித்தே எழுதலாம்.

அந்தக் 'கூறினார்' விடுபடுவதும் எனக்குப் பெருங்குறை. தற்காப்புக்காகச் சுட்டார் என்று செய்தி எழுதுபவர், வழக்கு தொடங்கும் முன்பே ஒருவரை விடுவித்துவிடுகிறார். தற்காப்பு இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவும் பொறுப்பு இங்கே அரசுத் தரப்புக்கு உரியது. அது நீதிமன்றத்தில் நடக்க வேண்டிய வேலை. அடுத்த சனிக்கிழமை அந்த வரியை அடித்துவிட்டு, தற்காப்பு மயக்கம் என்று கரும்பலகையில் எழுதினேன். மாணவி இப்போது கேட்டது, "ஐயா, அவர் நம்பியதை நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்?" என்பது.