திரைப்பதிவு நீட்டிப்பு எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது

பாடத்தைத் திரையில் நடத்திப் பதிவு செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் பலரும் முதலில் கை வைப்பது உலாவி நீட்டிப்பில், அதாவது குரோம் போன்ற உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலில்தான். தனி மென்பொருள் நிறுவ வேண்டியதில்லை. நிர்வாகி நீட்டிப்புகளையே தடை செய்து வைத்திருந்தால் ஒழிய, நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்படாது. முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானை அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். லூம், ஸ்கிரீன்காஸ்டிஃபை, ஸ்கிரீனிட்டி என்று தேர்ந்தெடுக்கவும் நிறைய இருக்கின்றன. அரை மணி நேரம் பேசி முடித்த பிறகு குரல் இல்லாத வீடியோவோ வெறும் கறுப்புக் கட்டமோ கையில் வந்தால், பழியை நீட்டிப்பின் மேல் போட்டுவிட்டு வேறொன்றை நிறுவுகிறோம். அதிலும் அதே கோளாறு வரும். ஏனென்றால் திரையைப் பிடிப்பதையும் அதை வீடியோவாகச் சுருக்குவதையும் எந்த நீட்டிப்பும் தானாகச் செய்வதில்லை. இரண்டும் உலாவிக்குள்ளேயே இருக்கும் வசதிகள். நீட்டிப்பு அவற்றை முடுக்கிவிட்டு, மேலே பேனா, கேமரா வட்டம், சேமிக்கும் பொத்தான் ஆகியவற்றைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

ஐகானை அழுத்தியதும் நீட்டிப்பு உலாவியிடம் திரையைக் கேட்கிறது. இதற்கு 'கெட் டிஸ்ப்ளே மீடியா' என்ற பொது இடைமுகம், அதாவது நிரல்கள் உலாவியிடம் கேட்கும் வழி, இருக்கிறது. குரோமில் இது 2019 ஜனவரியில், 72ஆம் பதிப்போடு வந்தது. அப்போது திறக்கும் 'எதைப் பகிர வேண்டும்?' என்ற பெட்டி உலாவியுடையது. அதற்குள் நீட்டிப்பு கை வைக்க முடியாது. உங்களுக்குப் பதிலாகத் தேர்வு செய்யவோ, போன முறை தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்துத் தானே தொடங்கவோ முடியாது. தினமும் அதே பெட்டி வந்து நிற்பது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அது வேண்டுமென்றே வைத்த பூட்டு. சில நீட்டிப்புகள் டேப்பை மட்டும் பதிவு செய்யக் குரோம் தரும் இன்னொரு வழியைப் பயன்படுத்தும். அதில் பெட்டி வராது. நீங்கள் எந்த டேப்பில் நின்று ஐகானை அழுத்தினீர்களோ அந்த டேப்பைத்தான் பிடிக்கும்.

டேப், விண்டோ, முழுத்திரை என்ற மூன்றில், இணையப் பக்கத்தை வைத்து நடத்தும் பாடத்துக்கு டேப்தான் நல்லது. முகவரிப் பட்டை, புக்மார்க், மூலையில் முளைக்கும் வாட்ஸ்அப் செய்தி எதுவும் பதிவில் வராது. ஒலியும் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் டேப் பதிவுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. படிவம் நிரப்பச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், கீழ்விரி பட்டியலை அழுத்துகிறீர்கள், பட்டியல் விரிகிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் அந்தப் பட்டியல் பதிவில் இருக்காது. சுட்டி வெற்றிடத்தில் ஏறி இறங்கும், திடீரென்று பெட்டியில் ஒரு பெயர் வந்து உட்காரும். வலது கிளிக் மெனுவுக்கும் இதே கதிதான். இவை பக்கத்துக்குள் வரையப்படுவதில்லை. அவற்றைக் கணினி தனிச் சிறு விண்டோவாக மேலே வைக்கிறது, டேப் பதிவு பக்கத்தின் பரப்பை மட்டும் எடுக்கிறது. மெனுக்களைக் காட்ட வேண்டிய பாடமென்றால் முழுத்திரைக்குப் போய்விடுங்கள், அறிவிப்புகளை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

படம் கறுப்பாகவோ வெறுமையாகவோ வந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. சந்தா கட்டிப் பார்க்கும் தளங்களின் வீடியோ பூட்டிய நிலையில் வருகிறது. அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாகத் தருவது பாதுகாப்பு ஏற்பாடு, எந்த நீட்டிப்பை மாற்றினாலும் பலன் இல்லை. மற்றது மேக் கணினிக்கு உரியது. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, திரையைப் பதிவு செய்யும் உரிமையைக் கணினி அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் உலாவிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முழுத்திரைப் பதிவில் வால்பேப்பர் மட்டும் தெரியும், மற்ற விண்டோக்கள் காணாமல் போயிருக்கும். உரிமை கொடுத்த பின் உலாவியை முழுக்க மூடித் திறக்க வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

இனி ஒலி. பாட வீடியோவில் படம் கொஞ்சம் மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் கெட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார். ஆகவே நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

பதிவுக்குள் ஒலி இரண்டு தனி வழிகளில் வருகிறது. ஒன்று டேப்பின் ஒலி, மற்றது மைக். டேப்பின் ஒலிக்கான சுவிட்ச் அந்தத் தேர்வுப் பெட்டியிலேயே இருக்கிறது. அது அணைந்திருந்தால் நீங்கள் காட்டும் வீடியோ ஊமைப் படமாகத்தான் பதிவாகும். விண்டோவைத் தேர்ந்தால் பெரும்பாலும் ஒலிக்கு இடமே இருக்காது. முழுத்திரையைத் தேர்ந்தால் விண்டோஸிலும் குரோம்புக்கிலும் கணினி ஒலி கிடைக்கும். மேக்கில் டேப் ஒலியை நம்புவதே பத்திரம். ஃபயர்பாக்ஸ் இந்த இடைமுகத்தின் வழியே ஒலி தருவதில்லை, டேப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவும் விடுவதில்லை. திரைப்பதிவு நீட்டிப்புகள் பெரும்பாலும் குரோம், எட்ஜ் குடும்பத்துக்கென்றே எழுதப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த இரண்டு ஒலிகளையும் ஒன்றாகக் கலப்பது நீட்டிப்பின் பொறுப்பு. உலாவியின் பதிவு இயந்திரமான 'மீடியா ரெக்கார்டர்' நடைமுறையில் ஒரே ஒரு ஒலித்தடத்தைத்தான் எழுதும். நீட்டிப்பு உள்ளுக்குள் ஒரு மிக்சரை அமைத்து, இரண்டையும் அதில் ஊற்றி, ஒரே தடமாக வெளியே எடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாத நீட்டிப்பில் குரல் இருக்கும், டேப் ஒலி இருக்காது, அல்லது நேர்மாறாக நடக்கும். பெட்டி வராத அந்த டேப் வழியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பதிவு தொடங்கியதும் டேப்பின் ஒலி ஸ்பீக்கருக்குப் போவது நின்றுவிடும். நீட்டிப்பு அதை மறுபடியும் ஸ்பீக்கருக்கு இணைத்துவிட வேண்டும். பதிவில் ஒலி நன்றாக இருந்து, பேசும்போது உங்கள் காதில் மட்டும் விழவில்லை என்றால் நீட்டிப்பை எழுதியவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டார் என்று பொருள்.

ஒலி இரட்டையாகக் கேட்பதற்கு நீட்டிப்பு காரணம் இல்லை. டேப்பின் ஒலி நேரடியாக ஒரு முறையும், ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக மைக்குக்குள் நுழைந்து சற்றுத் தாமதமாக இன்னொரு முறையும் பதிவாகிறது. எதிரொலி நீக்கி ஓரளவு சமாளிக்கும். ஹெட்ஃபோன் மாட்டினால் சிக்கலே எழாது. ஆனால் ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக்கை இயக்கியதும் பல ஹெட்செட்டுகள் இசை கேட்கும் முறையை விட்டுத் தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்க வேண்டிய இடத்தில் 8,000 அல்லது 16,000தான் கிடைக்கும். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆவதும் அதனால்தான். ப்ளூடூத்தை விட முடியாதென்றால், கேட்பதை அதில் வைத்துக்கொண்டு மைக்குக்கு மட்டும் மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். கம்பி இயர்ஃபோன் இதைவிடவும் மேல்.

உலாவி மைக்கைத் திறக்கும்போது எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு ஆகிய மூன்றையும் பொதுவாகத் தானே போட்டுவிடும். பேச்சுக்கு இவை நல்லவை. இசை வகுப்புக்கு ஆகாது. மாறாமல் நீளும் ஒரு சுரத்தை இரைச்சல் குறைப்பு மின்விசிறிச் சத்தமென்று நினைத்துத் தேய்த்துவிடும். நீட்டிப்பின் அமைப்பில் இவற்றை அணைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இசைக்கு அந்த நீட்டிப்பு உதவாது.

படம் பக்கம் நடப்பது மாபெரும் சுருக்கம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு ஃப்ரேம் (ஒரு தனிப்படம்), புள்ளிக்கு 3 பைட் வீதம், சுமார் 6.2 மெகாபைட். வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 187 மெகாபைட், ஒரு நிமிடத்துக்கு 11 ஜிகாபைட்டுக்கு மேல். மீடியா ரெக்கார்டருக்கு வேறு அளவு சொல்லாவிட்டால் அது வீடியோவுக்கு எடுத்துக்கொள்ளும் இலக்கு வினாடிக்கு 2.5 மெகாபிட், அதாவது 0.31 மெகாபைட். ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கு. 10 நிமிடப் பாடம் சுமார் 190 மெகாபைட் அளவில் முடியும். அசையாத ஸ்லைடுகள் என்றால் அதைவிடக் குறைவு, ஏனென்றால் மாறிய பகுதியை மட்டும் எழுதினால் போதும். வேகமாக ஸ்க்ரோல் செய்தால்தான் சிக்கல். பக்கம் முழுக்க ஒரே நேரத்தில் மாறுவதால் ஒதுக்கிய பிட்கள் போதாமல் எழுத்துகள் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடையும். மெதுவாக நகர்த்துங்கள், நகர்த்தி முடித்ததும் அரை வினாடி நின்று பேசுங்கள்.

சுருக்கும் முன் இன்னொரு கழிவும் நடக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தின் அளவு தனியாகச் சேமிக்கப்படும். நிறமோ நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். மனிதக் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது என்பதால் புகைப்படம்போன்ற காட்சிகளுக்கு இது செல்லும். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து எழுதினால் மட்டும் விளிம்புகள் கசிந்து ஒன்றோடொன்று குழம்பிவிடும். வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை என்று வெளிச்ச வேறுபாட்டை நம்புங்கள். சிவப்புப் பேனாதான் பிடிக்கும் என்றால் கோட்டை 4 புள்ளிக்குக் குறையாத தடிமனில் வையுங்கள்.

தமிழ் எழுத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. மெய்யெழுத்தின் புள்ளி சிறிய எழுத்தளவில் இரண்டு திரைப்புள்ளி அகலம்தான் இருக்கும். மாணவர் அதே வீடியோவைக் கைபேசியில் 360 வரிகளாகக் குறைத்துப் பார்த்தால் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி மறைந்துபோகும், 'க்' என்பது 'க' ஆகிவிடும். பதிவுக்கு முன் பக்கத்தை 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குங்கள். பாடத்தின் சாதாரண வரிகளில் எழுத்தளவு 24 புள்ளிக்குக் குறைய வேண்டாம்.

4கே திரையில் வேலை செய்பவர்கள் பதிவை 1080க்கு இறக்கிவிட வேண்டும். புள்ளிகள் நான்கு மடங்கு, சுருக்கும் வேலையும் அந்த அளவுக்குக் கூடும். செயலி திணறினால் ஃப்ரேம்கள் விடுபட்டுச் சுட்டி துள்ளித் துள்ளி ஓடும். பழைய மடிக்கணினியில் 720க்கு இறங்கத் தயங்க வேண்டாம். பதிவின் நடுவில் விண்டோவை இழுத்துச் சிறிதாக்குவதும் பக்கப்பலகை திறப்பதும் டேப்பின் அளவையே மாற்றிவிடும். அதன் பலன் ஓரங்களில் கறுப்புப் பட்டை.

பதிவு நடக்கும்போது அந்த நிரல் எங்கே ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐகானை அழுத்தினால் திறக்கும் சின்னப் பலகையில் ஓட முடியாது, வெளியே எங்கு அழுத்தினாலும் அது மூடிவிடும். நீட்டிப்புகளுக்குக் குரோம் வைத்திருக்கும் இப்போதைய விதிமுறையான மூன்றாம் மேனிஃபெஸ்டில் பின்னணி நிரலும் வேலையில்லாமல் 30 வினாடி இருந்தால் நிறுத்தப்பட்டுவிடும், அந்த நிரலால் திரையையோ மைக்கையோ நேராகத் தொடவும் முடியாது. ஆகவே நீட்டிப்புகள் இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கின்றன. 2023 ஜனவரியில், குரோம் 109இல் வந்த கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஓடுவது ஒன்று. ஒரு டேப்பைத் திறந்து, டேப் வரிசையில் நிலையாகக் குத்தி வைத்து, அதற்குள் ஓடுவது மற்றது. இரண்டாம் வகையில் 'இது எதற்கு?' என்று அந்த டேப்பை மூடினால் பதிவும் அதோடு போய்விடும். வீடியோவை முழுக்க நினைவகத்தில் குவித்துக் கடைசியில்தான் எழுதும் நீட்டிப்பில், உலாவி முடங்கினால் எல்லாமே போச்சு. துண்டு துண்டாக வட்டில் எழுதுவதே நல்ல நீட்டிப்பு. சோதிப்பது எளிது: ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், நிறுத்தாமல் உலாவியை வலுக்கட்டாயமாக மூடுங்கள், மறுபடி திறந்ததும் மீட்டுத் தருகிறதா என்று பாருங்கள்.

கேமரா வட்டமும் பேனாவும் நீங்கள் காட்டும் பக்கத்துக்குள்ளேயே செருகப்படுபவை. உலாவியின் அமைப்புப் பக்கம், குரோம் வெப் ஸ்டோர் போன்றவற்றில் செருக அனுமதி இல்லாததால் அங்கே அவை மறைந்துவிடும். கணினியில் இருக்கும் கோப்பை உலாவியில் திறந்து நடத்துவதாக இருந்தால், நீட்டிப்பின் விவரப் பக்கத்தில் கோப்பு முகவரிகளை அணுக அனுமதிக்கும் சுவிட்சைப் போட வேண்டும்.

நிறுத்தியதும் கிடைப்பது பெரும்பாலும் வெப்எம் என்ற வகை வீடியோக் கோப்பு. பதிவு ஓடும்போதே எழுதப்படுவதால், அதன் தலைப்பகுதி எழுதப்பட்ட நேரத்தில் மொத்த நீளம் யாருக்கும் தெரியாது. எந்த நொடி கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் இராது. பிளேயரில் நீளம் காட்டாமல், இழுத்தால் நகராமல் அடம் பிடிப்பது இதனால்தான். நிறுத்திய பின் சில நீட்டிப்புகள் காக்க வைப்பது இதைச் சரிசெய்யத்தான். செய்யாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில், மறுபடி சுருக்காமல் அப்படியே புதிய கோப்புக்கு நகலெடுத்தால் போதும், சில நொடி வேலை.

வெட்டித் தொகுக்கும்போது குரலும் படமும் போகப் போக விலகினால் அது வேறு நோய். திரை அசையாதபோது புதிய ஃப்ரேம் வருவதில்லை, எனவே வினாடிக்கு இத்தனை என்ற கணக்கு நிலையாக இருக்காது. எல்லாத் தொகுப்பு மென்பொருளும் அதைத் தாங்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 30 ஃப்ரேம் என்று குறித்து எம்பி4 ஆக மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்குங்கள். நேராக யூடியூபில் ஏற்றுபவருக்கு இந்த இரண்டு வேலையும் தேவைப்படாது.

நிறுவும்போது வரும் அனுமதி வாசகத்தையும் படியுங்கள். 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று கேட்பது பேனாவுக்கும் கேமரா வட்டத்துக்கும் வேண்டியதுதான். ஆனால் அதே உரிமை உங்கள் வங்கிப் பக்கத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் செல்லும். நீட்டிப்புகள் பக்கத்தில் தள அணுகலை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றி வைக்கலாம். வீடியோவைத் தன் சர்வருக்கு ஏற்றும் நீட்டிப்பு என்றால், மாணவர் பெயர்கள் தெரியும் பக்கங்களைப் பதிவு செய்ய அதைப் பயன்படுத்தாதீர்கள். கணினியிலேயே சேமிக்கும் நீட்டிப்பா என்பதை இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பதிவைச் சேமித்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.