மூன்று மாதச் சான்றிதழும் ஆத்தங்குடிக் கல் தூசியும்

போன மாதம் காரைக்குடியில் என் வீட்டுக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பையன் பி.எஸ்சி. முடித்தவன். கையில் மூன்று மாத ‘தடயவியல்’ வகுப்புச் சான்றிதழ். கட்டணத்துக்கு வளையலை அடகு வைத்தாராம் அம்மா. "இதக் காட்டுனா நேரா வேலைக்கு எடுத்துக்குவாகன்னு சொன்னாக, அண்ணே." இந்த வருஷம் இப்படி வந்த நாலாவது குடும்பம் இது.

ஆள் தேவை என்பது பொய்யில்லை. 2024 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவுப்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றமென்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசம். இதைக் காட்டித்தான் வகுப்பு நடத்துகிறவர்கள் கல்லா கட்டுகிறார்கள்.

பவுடரைத் தூவி விரல்ரேகையை எடுத்தால் கம்ப்யூட்டர் திருடன் பெயரைச் சொல்லிவிடும் என்று பையன் நம்பிக்கொண்டிருந்தான். சொல்லாதுப்பா. ஒத்துப்போகலாம் என்று தோன்றும் ரேகைகளை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதுவும் பதிவில் இருக்கிறவன் ரேகை மட்டும். முதல் தடவை திருடுகிறவன் அதில் இருக்கவே மாட்டான். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, இதுதான் அல்லது எதுவுமே இல்லை என்று ஒரு மனுஷன் சொல்ல வேண்டும். அப்புறம் குறுக்கு விசாரணை. கம்ப்யூட்டரையா கூண்டில் ஏற்றுவார்கள்?

பூட்டிக்கிடந்த ஒரு நகரத்தார் வீட்டில் பித்தளை, எனாமல் சாமான்கள் களவு போயிருந்தன. தடயம் எடுக்கப் போன எங்களோடு வந்த புதுப் பெண் பவுடர் டப்பாவைத் திறக்கவே இல்லை. டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தார். ஆத்தங்குடிக் கல்லில் தூசிக்கு நடுவே, சாமான் இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. சில வட்டம் பளிச்சென்று. சிலவற்றில் தூசி மறுபடி மெலிதாகப் படிந்திருந்தது. ஆக, எல்லாம் ஒரே ராத்திரியில் போகவில்லை. சாவி யார் கையில் புழங்கியது என்று விசாரணை திரும்பியது. நல்லவேளை, ஆச்சி ஊரில் இல்லை. இருந்திருந்தால் நாங்கள் வருவதற்குள் கூட்டித் துடைத்திருப்பார்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது எழுத்துத் தேர்வோடு நிறுத்தாமல், ஆளை அரை மணி நேரம் ஓர் அறையில் விட்டு, பார்த்ததை எழுதி வரையச் சொல்லுங்கள் என்பது என் பல வருஷப் புலம்பல்.

பெற்றோரே, தடயவியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி.யும், விரல்ரேகை எஸ்.ஐ. வேலைக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமும் அறிவிப்பு விடும். என்ன பட்டம் என்று அதிலேயே இருக்கும், படியுங்கள். பணம் கட்டுமுன் வகுப்பு நடத்துபவரிடம், "எந்த அறிவிப்பில் இந்தச் சான்றிதழைக் கேட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். காட்டவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். வளையலை மட்டும் தயவுசெய்து அடகுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பையனிடம், டேப் வைத்து அளந்து உன் வீட்டு அடுப்படியை வரைந்து வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தான். அளவெல்லாம் சரி. கதவு உள்ளே திறக்குமா வெளியேயா என்று குறிக்கவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.