நச்சுண்ணி: செத்தது எப்படி உண்ணும்?

பினாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் சத்துணவுப் பேச்சு. கடலையிலும் பாலிலும் சேரும் பூஞ்சை நஞ்சை நல்ல பாக்டீரியாவைக் கொண்டு நீக்குவது பற்றி. அந்தப் பாக்டீரியாவைப் பேச்சாளர் மூச்சுக்கு மூச்சு ‘நச்சுண்ணி’ என்றார். பக்கத்திலிருந்த பாட்டி என் காதில், “நாய்க்குப் பிடிக்குமே, அந்த உண்ணியா தம்பி?” என்றார். இந்தச் சொல் என் காதில் விழுவது மூன்றாவது தடவை.

முதலில் பூஞ்சை நஞ்சின் ஆங்கிலப் பெயர், மைக்கோடாக்சின். கிரேக்கத்தில் மைக்கீஸ் என்றால் காளான். டாக்சிகான், அம்பில் தடவும் நஞ்சு. தமிழில் பூஞ்சை நஞ்சு, சரி. (நஞ்சு இன்னொரு சொல்லோடு சேரும்போதுதான் நச்சு ஆகும், இரும்பு இருப்புப்பாதை ஆவதுபோல. தனியே ‘நச்சுகள்’ என்று எழுதுவோரை என்ன சொல்ல!) 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. கச்சாங் பூத்தே என்கிற கடலை நொறுக்குத்தீனியை வறுக்கிற சூட்டுக்கு இது முழுதாக அழிவதில்லை.

இப்போது நச்சுண்ணிக்கு வருவோம். தாவர உண்ணி தாவரத்தைத் தின்கிறது, அதனால் இது நஞ்சைத் தின்கிறது என்று யாரோ ஒப்புப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் அஃப்ளாடாக்சினைத் தின்பதே இல்லை. நஞ்சு அவற்றின் செல்சுவரில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். சூடாக்கிக் கொன்ற பாக்டீரியாவும் பிடிக்கிறது, சில சமயம் உயிருள்ளதைவிட நன்றாகவே. செத்தது எப்படி ஐயா உண்ணும்? ‘உறிஞ்சி’ என்பாரும் உண்டு. உள்ளே போகாததை உறிஞ்சுவதாகச் சொல்வதும் பிழைதான். நஞ்சை நொதியால் உடைக்கும் பாக்டீரியாக்கள் வேறு இருக்கின்றன. அவை செய்வது நச்சுச்சிதைப்பு. இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? மொழிபெயர்ப்பவர் பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

என் சொல் நச்சுப்பிடிப்பு. பாசி பிடிக்கும், கறை பிடிக்கும், கடலையில் பூஞ்சணமும் பிடிக்கும். வீட்டில் புழங்குகிற சொல்.

பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். “பால் அடிப்பிடிக்குமே, அது மாதிரியா?”

“அதேதான்மா.”

“அப்போ கழுவினா விட்டுருமே?”

கொஞ்சம் விடத்தான் செய்யும். ஆய்வுக்கூடத்தில் கழுவிப் பார்த்தவர்களும் அதையே கண்டார்கள். ‘நச்சுண்ணி’ என்று கேட்டிருந்தால் பாட்டிக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.